இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம்

டண்டீ நகரம். வியாழன், மாலை ஏழு.
கடையின் முன்கதவைப் பூட்டிவிட்டு
பின்னறையில் ஆறு நாற்காலி போட்டேன்.
ஐந்து பேர் உட்கார்ந்தோம்.
ஆறாவதில் எல்லோருடைய ஈரக் கோட்டுகளும்.

நடுவில் அந்தப் புத்தகம்.
அட்டையில் மூன்று பரிசு முத்திரைகள்,
நங்கூரனின் முகத்தைவிடப் பெரியவை.

எடுத்த எடுப்பில் டூகல்தான்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
"பாலத்தை இப்படித் தாங்கினால்
முதலில் போவது பாலமில்லை, இடுப்பு.
வரைந்தவன் வாழ்நாளில்
ஒரு சிமெண்ட் மூட்டையாவது தூக்கியிருப்பானா?"
ஆனாலும் நான்கு முறை படித்திருக்கிறான்.
ஏன் என்று கேட்டதற்கு
சர்க்கரை போடாத தேநீரை வெகுநேரம் கலக்கினான்.

கிரீர் விரல்விட்டு எண்ணினாள்.
அந்த நகரத்தில் மொத்தமே மூன்று பெண்கள்.
ஒருத்தி பிணம்.
ஒருத்தி பிணமாகப் போகிறவள்.
மூன்றாமவள் ஜன்னலருகே நின்று
அவன் வருகிறானா என்று பார்க்கிறாள்,
நூற்றெண்பது பக்கமாக.
"கால் வலிக்காதா அவளுக்கு?
மகத்தான படைப்பாம்.
என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுதியிருந்தால்
திருப்பிக் கொடுத்திருப்பேன்."

ஸ்ட்ரூவனுக்குக் காது சிவந்தது.
பத்தொன்பது வயதில் இதைப் படித்துத்தான்
அப்பாவோடு பேசுவதை நிறுத்தினானாம்.
நாற்பத்தாறில் மறுபடி திறந்தால்
முகமூடிக்குள் ஒரு பையன்
கதவைச் சாத்திக்கொண்டு
உம்மென்று உட்கார்ந்திருக்கிறான்.
"சின்னதாகிவிட்டது" என்றான்,
சலவையில் சுருங்கிய ஸ்வெட்டரைக் காட்டுவதுபோல
புத்தகத்தை இரு கையாலும் பிடித்து.

நானும் ஏதோ சொன்னேன்.
நிறங்களைப் பற்றி. அந்தச் சேற்று மஞ்சள்.
யாரோ பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

பிறகு கடைசிக் கட்டம்.
எந்தச் சண்டையும் வந்து சேரும் இடம்.
இடப் பக்கத்தில் ஒன்பது கட்டங்கள்,
ஒன்பதிலும் பாலத்தைத் தாங்குகிறான்.
வலப் பக்கம் முழுக் கறுப்பு.
ஒரு சொல் இல்லை.

கையை விட்டான் என்றாள் கிரீர்.
கண்ணை மூடினான் என்றான் டூகல்.
அச்சகத்தில் மை கொட்டிவிட்டது என்றான் ஸ்ட்ரூவன்.
அவனே சிரிக்கவில்லை.

"எந்தக் கறுப்பு?" என்றாள் போஷேனா.

இரவுப் பேருந்து ஓட்டுகிறவள்.
அதுவரை வாய் திறக்கவில்லை.
நூலகம் கழித்துக் கட்டியபோது
ஐம்பது பென்ஸுக்கு வாங்கிய பிரதியை
எங்கள் பக்கம் திருப்பினாள்.
இருநூற்றுப் பத்து. உடனே பின்னட்டை.
இடையே, தையலோரம்,
கிழிந்த தாளின் பல்வரிசை.

அவளிடம் அவன்
இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறான்.
பதினோரு ஆண்டாக.
கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு
அந்த ஒன்பதாம் கட்டத்தை மட்டும் பார்ப்பாளாம்.
விரல் எலும்பு வெளுத்திருக்கும்.
அவ்வளவுதான் கதை என்று நினைத்திருந்தாளாம்.

டூகல் தன் பிரதியைத் திறந்து நீட்டினான்.
அவள் உள்ளங்கையால் அதை மூடினாள்.

"ஏன் விட்டான் என்று எங்காவது இருக்கிறதா?"
இல்லை என்றோம்.
"அப்படியென்றால் கிழித்தது யாரோ,
அவர்தான் ஒழுங்காகப் படித்திருக்கிறார்."

கிரீர் வாயெடுத்து, பிஸ்கட் கடித்தாள்.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தேன்.
வெளியே டே ஆறு,
டே என்று கூப்பிட்டாலும் திரும்பாத ஆறு,
வற்றிய நேரம்.
எப்போதோ ஒரு புயலில்
ரயிலோடு விழுந்த பாலத்தின் அடிக்கட்டைகள்
இப்போதைய பாலத்தின் பக்கத்திலேயே
வரிசையாகத் தலைநீட்டியிருந்தன.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
ஊர்க்காரர்கள் பேசுவதில்லை.

சைக்கிள் பூட்டோடு நான் குனிந்திருந்தபோது
ரயில் வந்தது, ஜன்னல் ஜன்னலாக.
கரைச்சுவர் அருகே,
ஒருவரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில்,
டூகல் இரு கையையும் தலைக்கு மேல் தூக்கினான்,
முழங்காலைச் சற்றே மடக்கி,
இடுப்பை நேராக வைத்து,
கடைசிப் பெட்டி கடக்கும்வரை.