தொண்ணூற்றேழு

மூன்றாம் முறையும்
தொண்ணூற்றேழில் நின்றுவிட்டது.
குத்தாயிசியில் மணி இரண்டு.
வெளியே ரியோனி ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது,
நீலப் பட்டைதான் நகரவில்லை.

கேஷைத் துடைத்தேன். பழைய டிரைவரை மறுபடி ஏற்றினேன்.
விசிறிக்கு மூச்சிரைத்ததே மிச்சம்.

பிறகு கல்யாணத்தை இரண்டாய் வெட்டினேன்.
முன்பாதி தேறியது. பின்பாதியில் பாதி,
அதிலும் பாதி.
தேவாலயம் சரி, மாப்பிள்ளை சரி,
கொம்பு நிறைய ஒயினோடு தள்ளாடும்
சித்தப்பாகூடப் பழுதில்லை.

மிஞ்சியது நான்கு நொடி:
பெண்ணின் தாய் சியாலா சிரிக்கிறாள்.
"பத்து வயசு குறைச்சிடு, நெஸ்தான்"
என்று கெஞ்சினாளே என்று
நான் பூசிய எஃபெக்ட்.

எடுத்தேன்.
கோடுகள் ஒவ்வொன்றாய் வந்து
கண்ணோரம் உட்கார்ந்தன.
நூறு.

விடிந்ததும் அவளுக்கு ஃபோன் போட வேண்டும்.
பழியை கிராஃபிக்ஸ் கார்டின் மேல் போட்டுவிடலாம்,
அதற்கும்
வயசாகிவிட்டது என்று.