ஐந்துக்கு ஐந்து

கைபேசி தந்த எண்கள் இரண்டு.
நீளவாக்கில் நாற்பத்தொரு எட்டு,
அகலவாக்கில் பதினேழு.
எண்ணியபடி நடந்தேன்,
கரிசல் வெடிப்புகளைத் தாண்டிக் குதிக்காமல்.
குதித்தால் ஓர் எட்டு நீண்டுவிடும்,
கணக்கு வேறொரு பயிரில் போய் நிற்கும்.

சேடபட்டிக்கு மேற்கே
ஒச்சம்மாளின் மூன்று குறுக்கம், குதிரைவாலி.
பின்னால் வந்தார். பேசவில்லை.

ஆவணியில் புழுதியில் விதைத்தது.
ஒரு பாட்டம் பெய்து முளையைக் கிளப்பிவிட்டுப்
பதினெட்டு நாள் மழை ஆளையே காணோம்.
புரட்டாசிக் கடைசியில் மறுவிதைப்பு.
தோட்டை அடகு வைத்த ரசீது
மஞ்சள் பைக்குள் சிட்டா நகலோடு இருக்கிறது.
ஐப்பசி முழுக்க மேகம்
சதுரகிரி மேல் உட்கார்ந்திருந்துவிட்டு
எழுந்து போனது.
கார்த்திகையில் ஒரே ராத்திரி,
ஒரு மாதத்து மழை.
மேட்டில் விழுந்ததெல்லாம் மண்ணையும் கூட்டிக்கொண்டு
ஓடைக்கு ஓடிவிட்டது.
பிறகு, கதிர் பால்பிடிக்கும் நாட்களில்
பனிதான்.

தாலுகா அலுவலக வளாகத்தில் மழைமானி இருக்கிறது.
அதன் கணக்கில் இந்த வருஷம் குறைவே இல்லை,
சராசரிக்கு மேலே நாலு மில்லிமீட்டர்.
அந்தத் தாளை நகலெடுத்து
மேலே அனுப்பியவன் நான்தான்.
தாள் பொய் சொல்லவில்லை.
மொத்தம் என்ற கட்டத்துக்குள்
தேதிக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

நாற்பத்தொன்று. பதினேழு.
நின்ற இடம் பள்ளம்.
கார்த்திகைத் தண்ணீர் தங்கி ஊறிய ஒரே இடம்.
காடெங்கும் முழங்காலுக்குக் கீழே பதராய் நிற்க
இங்கே மட்டும் கதிர் கனத்துத் தலை சாய்த்திருந்தது,
இதற்குப் பெயர் வைத்தவன்
பார்த்திருக்கக்கூடிய மாதிரி.

நாலு முளைக்குச்சி, நைலான் கயிறு.
பக்கம் ஐந்து மீட்டர்,
மூலைக்கு மூலை ஏழு மீட்டர் ஏழு சென்டி.
சரியாக வந்தது.

அப்போதுதான் கேட்டார்:
"ஏன் சார், கயித்த ஒரு பத்து எட்டு
மேக்க தள்ளிக் கட்டுனா ஆகாதா?"

"ஆகாதும்மா. போட்டோ எடுத்தாச்சு.
இடத்தோட சேத்து மேல போயிருச்சு."

"மேலன்னா எங்க?"

எனக்கே சரியாகத் தெரியாது.
வானத்தைக் காட்டினேன்.
அவரும் நிமிர்ந்து பார்த்தார்,
பழக்கத்தில்,
மேகம் ஏதும் இருக்கிறதா என்று.

அறுத்தோம். தார்ப்பாயில் போட்டு அடித்தோம்.
தூற்றக் காற்றில்லை, சொளகில் புடைத்தார்.
மூன்று கிலோ நூற்று அறுபது.
பத்து எட்டு மேற்கே என்றால்
கால் கிலோ தேறாது. இருவருக்கும் தெரியும்.
இந்த எண் இனி பிர்க்கா சராசரிக்குள் போகும்.
பெத்தணசாமியின் காய்ந்த காட்டையும்
விதையே எடுக்காத சென்னம்மாள் காட்டையும்
கொஞ்சம் கொஞ்சம் விளைய வைக்கும்.

கையெழுத்துக் கேட்டேன்.
போடும் முன் எடையைப் படித்தார்.
"நல்லாத்தான் வெளஞ்சிருக்கு" என்றார்.
குத்தலா என்று முகத்தைப் பார்த்தேன்.
இல்லை. கதிரைச் சொன்னார்.

விதிப்படி தானியத்தை அவரிடமே கொடுத்தேன்.
எவர்சில்வர் தூக்கில் கொட்டி மூடினார்.
"இத வெதைக்கு வச்சுக்கிர்றேன்.
தண்ணி நின்னாலும் தாங்கி வந்தது."
அடுத்த வருஷம் நிற்கப்போவது தண்ணீர்தானா என்று
நான் கேட்கவில்லை.

கயிற்றைச் சுருட்டும்போது முதல் துளி விழுந்தது,
தை பதினொன்றில்.
இன்னும் அறுக்காத பதரின் மேல் பெய்தது.
எங்கள் சதுரம் மொட்டையாய்க் கிடந்தது,
அதில் மட்டும் சத்தம் வேறுமாதிரி கேட்டது.
படிவத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
வண்டியைப் பார்த்து ஓடினேன்.

முந்தானைக்குள் தூக்கோடு நின்றபடி
பின்னாலிருந்து சொன்னார்:
"மெதுவாப் போங்க சார்,
கரிசல் வழுக்கும்."