இரண்டு விரல்

பெய்ரா நகரம். காசநோய்க் கூடம், இருபத்திரண்டு கட்டில்.
ஃபரீடா ஊதுவத்தி கொளுத்திச்
சன்னலோரம் நிற்கிறாள்.
கண்ணாடிப் பட்டைகள் முப்பது பாகை சாய்ந்தால்
புகை அடுத்த கட்டிலைத் தொடாமல்
கடல் பக்கம் போய்விடுகிறது.

இரவானால் ஸெஃபனியாஸ்
கைப்பிடியை இழுத்து
எல்லாவற்றையும் மூடிவிடுகிறான்.
"ஜூலைக் குளிர், அம்மணி.
நீங்கள் வீட்டில் படுக்கிறீர்கள்."

அடிப்பட்டையை மட்டும்
மூடவே முடியாதபடி வரைந்தாள்.
இரண்டு விரல் சந்து.
யார் இருமினாலும்
அது வெளியேற ஒரு வழி.

மறுவாரம் அந்தச் சந்தில்
ஒரு காலுறை,
சுருட்டி, இறுக்கித் திணித்து.
இன்னொன்று
அவன் காலில் இருந்தது.

அவள் அதை உருவவில்லை, உடனே.
மதிப்பீட்டுத் தாளை விரித்து
கீல், திருகாணி, கண்ணாடிக்குக் கீழே
பென்சிலால் எழுதினாள்:
கம்பளி, இருபத்திரண்டு.