பச்சைப்பயறு, இரண்டு கிலோ

ஜூன் விடுமுறைக்கு, ஈசூன் நூலகத்தில்
இருபத்துநான்கு இருக்கை, ஒரு மணி நேரம்.
கற்றல் விளைவு என்ற கட்டத்தில்
"தைத்தல்" என்று எழுதி நிறுத்திவிட்டேன்.
சுவீ லெங்கிடம் தோற்று அழுததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஊசிக்கு இடர் மதிப்பீடு கேட்டார்கள். கொடுத்தேன்.
பயறுக்கு, நிதிப்பிரிவிலிருந்து ஹஸ்லிண்டா:
"நூலகத்துக்குள் உணவு அனுமதி இல்லை."

உணவில்லை, அஞ்சாங்கல் என்று
மாதிரிக்குத் தைத்த ஐந்தையும்
அவர் மேசையில் வைத்தேன்.
ஒரு மூலையில் தையல் பிரிந்து
இரண்டு பயறு உருண்டன.

படிவத்தைக் கவிழ்த்துவைத்தார்.
வளையலை முழங்கைக்கு ஏற்றினார்.
ஒன்றை மேலே எறிந்து
நான்கை அள்ளி, விழுந்ததைப் பிடித்து,
"புளோக் நூற்றிரண்டு," என்றார், "கீழ்த்தளம்."

மூன்று ஆட்டம். இரண்டில் நான் தோற்றேன்.
கையெழுத்து இன்னும் வரவில்லை.