இரண்டு பூச்சு

பத்தரைக்கு அவர்கள் காரில் ஏறினார்கள்.
நாலு மணிக்குள் வீடு வேறொருவருடையதாகிவிட வேண்டும்.
மெத்தை மாறும், சோப்பு மாறும்,
அலமாரியில் சட்டைகளின் அளவு மாறும்.
எனக்குக் கொடுத்த வேலை
மூன்றாம் மாடியில் ஒரே ஒரு கதவுநிலை.

நிலை முழுக்கப் பென்சில் கோடுகள்.
சிறுமி இங்கே வந்தபோது ஐந்து வயது;
முதல் கோடு என் இடுப்புக்குச் சற்று மேலே,
பக்கத்தில் தேதி, கோணலாய் ஒரு பூ.
பிறகு கோட்டுக்கு மேல் கோடு.
ஒரு வருஷம் நான்கு விரல், ஒரு வருஷம் இரண்டே.
தேர்தல் வந்த இலையுதிர்காலத்தில் மட்டும்
அளக்க யாருக்கும் நேரமில்லை போலும்.
கடைசிக் கோடு என் மோவாயைத் தொடுகிறது.

அதற்கும் மேலே, தனியாக,
பெயரில்லாமல் இரண்டு.
ஒன்றில் எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.
மற்றது போன வியாழக்கிழமை.
அந்த உயரம் இந்த வீட்டில் ஒருவருக்குத்தான்.
இரண்டாவது கோடு
முதலாவதற்கு முக்கால் விரல் கீழே.

மகள் ஏறிய மரத்தில்
அப்பா இறங்கியிருக்கிறார்.

மூன்றாம் முறை கூடாதென்று சட்டம் இருக்கிறது.
எழுதியவர்கள் யாரை நினைத்து எழுதினார்களோ.
நாற்காலிக்குக் கால் நான்கு என்பதோடு
என் அரசியல் அறிவு முடிந்துவிடும்.

உப்புத்தாளால் தேய்த்தேன்.
பென்சில் கரி லேசில் போகாது,
முதல் பூச்சுக்குள்ளிருந்து மங்கலாய் எட்டிப் பார்க்கும்.
இரண்டாவதில் அடங்கும்.
மூன்றாவதும் பூசினால்
நிலை தடித்து, கதவு சாத்த மறுக்கும்.

"கேஸ்கின்ஸ், இன்னும் எவ்வளவு நேரம்?"
படியில் வெனிடா, இரண்டு கையிலும் தலையணை.
"காயட்டும்" என்றேன்.
"அதை அவர்களிடம் போய்ச் சொல்" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு ஆள் மாறுகிறது என்பார்கள்.
எங்கோ ஒருவர் கையுயர்த்திச் சொன்னது
எனக்குக் கேட்கவில்லை; இங்கே மணியும் அடிக்கவில்லை.
மேலிருந்து கீழே ஓர் இழுப்பு,
மறுபடி ஓர் இழுப்பு.
எந்த இழுப்பின் நடுவில் நாடு கைமாறியதென்று
இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.
பிரஷ்ஷில் பாதி வெள்ளை மிச்சம் இருந்தது.

மூன்றரைக்கு 'ஈரம்' என்று அட்டை மாட்டினேன்.
புதியவர்களுக்கு இரட்டைப் பையன்கள் என்று கேள்வி.

ராத்திரி வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன்,
நிலையின் மேல் விளிம்பில் கிடந்த அந்தப் பென்சில்
என் பைக்குள்.
பின் நுனியில்
சின்னப் பல்லின் தடமும்
பெரிய பல்லின் தடமும்.