முன்னிலை ஒருமை

மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.
பொபினி நிறுத்தம். கதவுகளைத் திறந்துவிட்டேன்.
இறங்கியவர்களில் ஒரு பையன்,
நெஞ்சோடு அணைத்த முட்டைப் பெட்டி.

நடைமேடையில் மூன்று நீலச் சட்டைகள்.
எண்பது பேர் இறங்கினோம் என்று சொல்லலாம்,
விரல் அவனைத்தான் எண்ணியது.

"ஏய், நீ. இங்கே வா."
"சொல்லுங்கள், ஐயா."
"அட்டையை எடு. எங்கிருந்து வருகிறாய்?"
"கடையிலிருந்து. எதற்காக என்று சொல்வீர்களா, ஐயா?"

நான் நதேஜ் லுபாகி, டிராம் ஓட்டுகிறவள்,
இலக்கணம் படித்தவள் இல்லை.
ஆனாலும் காதில் விழுந்தது:
அவர்கள் வாயில் வா, எடு, திரும்பு.
அவன் வாயில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்கள்',
கண்ணாடிச் சாமானை ஊருக்கு அனுப்பும்போது
சுற்றி அடைக்கிற வைக்கோல் மாதிரி.

காரணம் கேட்டதே காரணமாகிவிட்டது.
"கையைத் தூக்கு."
"முட்டையைக் கீழே வைத்துவிடட்டுமா, ஐயா?"
கேட்டுக்கொண்டே குனிந்தான்.
குனிந்ததை அவர்கள் வேறெதுவாகவோ வாசித்தார்கள்.

தோளில் ஒரு கை. முதுகில் ஒரு முழங்கால்.
கன்னம் போய் ஒட்டியது
பயணச்சீட்டு இயந்திரத்தின் தொடுதிரையில்.
திரை விழித்துக்கொண்டது.
"வணக்கம்," என்றது அந்தப் பெண்குரல்,
"நீங்கள் எங்கே போக விரும்புகிறீர்கள்?"

யாரும் சிரிக்கவில்லை.
இயந்திரம் மறுபடி கேட்டது.

நான் கதவை மூடவில்லை.
மணியை அடித்தேன், விடாமல், ஒரு நிமிடம்.
பின்னாலிருந்து ஒருத்தி,
"குழந்தைகள் காப்பகம் மூடிவிடும், வண்டியை எடுங்கள்!"
அவள் சொன்னதும் நியாயம்தான்.
ஒருவர் கைப்பேசியை உயர்த்தினார்.
இன்னொருவர் இறங்கிப்போய்ச் சும்மா நின்றார்,
கைகளைப் பின்னால் கட்டி, கண்ணை எடுக்காமல்.

நீலத்தில் ஒருவன் என் ஜன்னலுக்கு வந்தான்.
"அம்மா, நீங்கள் கிளம்பலாம்."

நீங்கள்!
அது எனக்கல்ல, என் மேல்சட்டைக்கு,
அதில் தைத்த கம்பெனி முத்திரைக்கு.
ஞாயிற்றுக்கிழமை சந்தையில்
தலைத்துணியும் ரப்பர் செருப்புமாக நான் போகையில்
இதே வாய் என்னை எப்படி அழைக்குமென்று
எனக்குத் தெரியாதா?

"உங்கள் மார்பில் ஏழு இலக்க எண் இருக்க வேண்டும்," என்றேன்.
"காணோமே."
குனிந்து பார்த்துக்கொண்டான்,
தொலைத்தவன் பார்ப்பது போல.
"கழுத்துத்துணி மறைத்திருக்கும். குளிர்."
மே மாதம். எனக்கு முதுகெல்லாம் வியர்வை.
அவன் துணியை விலக்கவில்லை. நானும் கதவை மூடவில்லை.

பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
கனூத்தே, தெம்பா. பிறந்தது இதே ஊர்.
ஒரு முழ ரொட்டி வாங்கினால் ரசீது தருகிற நாடு.
இதற்கு ஒரு துண்டுச்சீட்டு கிடையாது.
நாளை யாராவது கேட்டால்
ஐந்து ஐம்பத்திரண்டு என்று ஒரு நேரமே இருந்ததில்லை.

அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான்.
மூடிவிட்டு, விரல்களை ஜீன்ஸில் துடைத்தான்.

என் கடைசித் தம்பி வயது.
'ஏறிக்கொள்ளடா' என்றுதான் வாயில் வந்தது.
அந்த 'டா'வை, அந்த நல்ல 'நீ'யை,
அவர்கள் சற்றுமுன் எச்சில்படுத்தியிருந்தார்கள்.
"ஏறிக்கொள்கிறீர்களா?" என்றேன்.
"இல்லை," என்றான். "என் வீடு இங்கேதான்."

ஒன்பது நிமிடத் தாமதம்.
பணிமனையில் படிவம் தந்தார்கள்.
காரணங்களின் பட்டியல்: பனி, மின்தடை,
தண்டவாளத்தில் விலங்கு, ஆர்ப்பாட்டம்.
'மற்றவை' என்றொரு கட்டம், ஒரு வரிக்குத்தான் இடம்.
நேரம், நிறுத்தம், ஆள் மூவர் என்று எழுதி
எண்: மறைக்கப்பட்டிருந்தது என்று
ஓரத்தில் ஏற்றி எழுதினேன்.

மேலாளர் கூப்பிடுவார்.
கூப்பிடட்டும்.
'நீங்கள்' என்றுதான் ஆரம்பிப்பார்.