மாதிரி பதினேழு

உட்துறைமுக வீதியில் ஒரு வாடகை அறை.
எள்ளின் முழுப் பரம்பரை எழுத்தையும்
இரவிரவாகக் கணினியில் ஓடவிட்டிருக்கிறேன்.
ஏறத்தாழ முப்பத்தைந்து கோடி எழுத்து.
நான் தேடுவது அது விளங்கப் பேசும் இடங்களை அல்ல,
திக்கும் இடங்களை.
ஏரீ ஏரீ ஏரீ ஏரீ ஏரீ ஏரீ
என்று அடுத்த சொல் வராமல்
செடி நிற்கும் இடங்களை.

ஆறு தரத்துக்குக் குறைந்தால் விட்டுவிடு
என்று நிரலுக்குச் சொல்லியிருக்கிறேன்.
ஐந்து தரம் திக்கியவை எத்தனை இருந்தனவோ,
எனக்கு இனித் தெரியவராது.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
ஜன்னலுக்குக் கீழே ஒரு மான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் தாளை
நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.
வெளிச்சம் வந்ததும்
மூன்றாம் நிறமூர்த்தத்திலிருந்து மறுபடி.

கிருபாவதி காலை லோஞ்சில் மூதூரிலிருந்து வருவாள்.
ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை.
பெருக்கும் பொறியைக் காட்டி
இது என்ன செய்யும் என்று ஒருநாள் கேட்டாள்.
கன்னியா என்றேன்.
அங்கே ஏழு கிணறு, ஏழு சூடு.
இதற்கு மூன்று சூடு போதும்:
ஒன்றில் இரு புரியும் பிரியும்,
ஒன்றில் தொடக்கித் துண்டு வந்து ஒட்டும்,
ஒன்றில் நகல் வளரும்.
முப்பத்தைந்து முழுக்கு.

அவள் சிரிக்கவில்லை.
"கன்னியாவுக்கு நான் போறேல்ல மிஸ்"
என்று குவளைகளைக் கவிழ்த்தாள்.

இருபத்துநாலு மாதிரி.
சேனையூர் எள் பால்மாப் பையில்,
தோப்பூர் எள் பனடோல் பெட்டியில்,
கிளிவெட்டியிலிருந்து வந்தது
பரிசு விழாத லொத்தர் சீட்டில் மடித்து.
பதினேழாவது, மூடி இறுக்கிய ஜாம் போத்தலில்.

நகலெடுக்கையில் சில வேளை வழுக்கும்.
பதினொரு திக்கல் பன்னிரண்டாகும்.
ஒருவரும் திருத்தாவிட்டால் அது
விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்,
அடுத்த சிறுபோகத்துக்கும் அதற்கடுத்ததற்கும்.

வெள்ளிச் சாயத்தில் கோடுகள் எழும்பின.
இருபத்துமூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மட்டம்.
பதினேழு மட்டும்
ஒரு நகக்கண் உயரம் மேலே.

"இது ஆற்றை எள்ளு?"
"என்ரை."
"எங்க எடுத்தனீங்கள்?"
"நான் எடுக்கேல்ல. அவர்.
வெருகலுக்கு அங்கால ஒரு கூட்டாளியிட்ட வாங்கி
சேட்டுப் பொக்கற்றில கொண்டு வந்தவர்.
ஒரு பிடி இருக்கும்.
ரெண்டு போகம் அவர் விதைச்சவர்.
மிச்சம் நான்."

மிச்சம் என்றால் பதினெட்டு.
விளைந்ததையெல்லாம் மூதூர்ச் சந்தையில் விற்பாள்,
விதைக்கு ஒரு போத்தல் மட்டும் மறித்து.
அந்த எள்ளை
ஒருநாளும் தண்ணீரோடு சேர்த்துக்
கையில் எடுத்ததில்லை.

"ஆக்களுக்கும் இப்பிடி எண்ணலாமாம், எலும்பில."
"ஓம்."
"இதே திக்கலோ?"
"இதே திக்கல்தான்.
அங்க நாலு நாலு எழுத்தாப் பாப்பினம்."
"மகன்ரை எச்சில் காணுமாம்."
"காணும்."

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
கடைசி நிரையைத் தொடாமல் காட்டினாள்.
"இதில ஏன் ஒண்டுமில்லை?"
"அது வெறும் தண்ணி.
அதில ஒண்டும் தெரியக்கூடாது.
தெரிஞ்சா மற்றதொண்டையும் நம்பேலாது."

தண்ணீரின் நிரையை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.
லோஞ்சுக்கு நேரமாகிறது என்று
நானாகச் சொல்லவில்லை.

பதிவேட்டில், சேகரித்தவர் என்று ஒரு கட்டம்.
கிருபாவதி என்று எழுதி வைத்திருந்தேன்.
வெட்டச் சொன்னாள்.
அழகுதுரை, எழுதினேன்.
அடுத்த கட்டம் விலாசம்.
பேனையைத் தூக்கிக்கொண்டு
அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

"கட்டைபறிச்சான்" என்றாள்.
"என்ரை விலாசந்தான் மிஸ். அதையே எழுதுங்கோ."